ஒன்பது பேர் எங்கே? நன்றி ஜெபம் பழகத் தொடங்குகிறவர்களுக்கு

வீட்டு ஜெபக் கூட்டத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவராக ஜெபித்து முடிக்க, கடைசியில் உங்கள் முறை வரும். "நீங்கள் ஒரு சின்ன ஸ்தோத்திர ஜெபம் செய்துவிடுங்கள்" என்பார் நடத்துகிறவர். கண்ணை மூடுவீர்கள். "ஆண்டவரே, நீர் செய்த எல்லா நன்மைகளுக்கும் நன்றி" என்று ஒரு வாக்கியம் வரும். இரண்டாவது வாக்கியம் வராது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "என் மகனுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்க வேண்டும் ஆண்டவரே" என்று விண்ணப்பத்துக்குத் தாவிவிடுவீர்கள். அங்கே போய்விட்டால் வார்த்தை தானாக ஓடும்.

நானும் பல வருடங்கள் இப்படித்தான் ஜெபித்தேன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவனுக்கே இந்த நிலைமை. பிறகுதான் சிக்கல் எங்கே என்று பிடிபட்டது. "எல்லா நன்மைகளுக்கும்" என்ற அந்தத் தொடக்கம்தான் அடுத்த வாக்கியத்தை வரவிடாமல் கதவை அடைக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஆண்டவர் முன்னால் வைத்துவிட்டால் அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது? மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப் பழக வேண்டும். அதற்கு நான் கண்ட வழியை, ஜெபத்துக்கே புதியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துச் சொல்கிறேன்.

முதலில் சொற்கள்

சபைக்குப் புதிதாக வருகிறவர்களைச் சொற்களே பாதி மிரட்டிவிடும். ஸ்தோத்திரம், துதி, நன்றி, மகிமை என்று ஒரே மூச்சில் வந்து விழும். தென் மாவட்டங்களில் "ஸ்தோத்திரம் ஐயா" என்பது வணக்கத்துக்கும் உதவும். கத்தோலிக்கர் செபம் என்பார்கள், மற்றவர்கள் ஜெபம் என்பார்கள். திருப்பலியில் வாசகம் முடிந்ததும் "இறைவா, உமக்கு நன்றி" என்ற பதில் எழும்பும்.

கடவுள் யார் என்று சொல்லிப் புகழ்வது துதி. அவர் என்ன செய்தார் என்று எடுத்துச் சொல்வது நன்றி. இப்போதைக்கு இந்த வேறுபாடு போதும். பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம் பல இடங்களில் இரண்டுக்குமே ஸ்தோத்திரம் என்ற சொல்லைப் பயன்படுத்துவதால்தான் குழப்பம். 1 தெசலோனிக்கேயர் 5:18ஐப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று இருக்கிறது. 1995இல் வந்த திருவிவிலியத்தில் அதே வசனம் "எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள்" என்று இருக்கிறது. உங்கள் வாயில் எது இயல்பாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி என்ற சொல்லுக்குள் இன்னொரு செய்தி இருக்கிறது. திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்கு "செய்ந்நன்றி அறிதல்" என்று பெயர். அங்கே நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை. அந்த நன்மைக்கு நாம் செய்ய வேண்டியது "அறிதல்". காலப்போக்கில் நன்றியைச் "சொல்லும்" பொருளாக ஆக்கிக்கொண்டோம், அறிவதை விட்டுவிட்டோம். நன்றி ஜெபம் வறண்டுபோவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அறியாததை எப்படிச் சொல்வது?

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் குஷ்டரோகிகளின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இயேசு அவர்களைக் குணமாக்குகிறார், ஒருவன் மட்டும் திரும்பி வருகிறான், "மற்ற ஒன்பதுபேர் எங்கே?" என்று அவர் கேட்கிறார். பிரசங்கங்களில் அந்த ஒன்பது பேருக்கு நல்ல திட்டு விழும். எனக்கு அவர்கள் மேல் கொஞ்சம் பரிவு உண்டு. ஆசாரியர்களிடம் போய்க் காட்டுங்கள் என்று இயேசுதான் சொல்லி அனுப்பினார். அவர்கள் சொன்னபடியே நடந்துகொண்டிருந்தார்கள். திரும்பி வந்தவனைப் பற்றி லூக்கா எழுதும்போது, தான் ஆரோக்கியமானதை அவன் "கண்டு" திரும்பி வந்தான் என்கிறார். வழியில் நின்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பான் போலும். அவன் சமாரியன், அந்தக் கூட்டத்தில் வெளி ஆள். ஜெபம் தெரியாத வெளி ஆள் என்று உங்களை நினைத்துக் கூச்சப்படுகிறீர்கள் என்றால் இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரமும் ஒரு பழைய நோட்டும்

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபியுங்கள் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அது நல்ல பழக்கம்தான். நன்றி பழகுவதற்கு மட்டும் இரவு நேரத்தைப் பரிந்துரைக்கிறேன். காலையில் எழுந்ததும் மனது அன்றைய கவலைகளை எண்ணத் தொடங்கிவிடும், ஜெபம் முழுவதும் விண்ணப்பமாகிவிடும். இரவில் ஒரு முழு நாள் கண் முன்னால் கிடக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

இது புதிய யோசனை அல்ல. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் எழுதிய ஆன்மிகப் பயிற்சிகள் 1548இல் திருத்தந்தையின் ஒப்புதலைப் பெற்றன. அவற்றில் அன்றாட ஆன்ம சோதனைக்கு, அதாவது அன்றைய நாளைக் கடவுள் முன் திரும்பிப் பார்ப்பதற்கு, ஐந்து படிகள் வகுத்தார். முதல் படி, பெற்ற நன்மைகளுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வது. பாவங்களைத் தேடிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். படுக்கும் முன் குற்றப் பட்டியலை மட்டுமே வாசித்துப் பழகியவர்களுக்கு இந்த வரிசையே பெரிய ஆறுதல்.

பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். பழைய நோட்டு ஒன்றும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கென்று தங்க எழுத்துப் பொறித்த டைரி விற்கிறார்கள், வாங்க வேண்டாம். அழகான டைரியில் எழுதப் போனால் வார்த்தையையும் அழகாக்கத் தோன்றும். பிள்ளையின் போன வருடக் கணக்கு நோட்டில் பின் பக்கம் மீதியிருந்தால் அதுவே சரி.

முழங்காலில் நிற்க முடிந்தால் நில்லுங்கள். முட்டி ஒத்துழைக்காவிட்டால் நாற்காலியில் உட்காருங்கள்.

நாளை மணி மணியாகப் புரட்டுதல்

விழித்த நேரத்திலிருந்து தொடங்கி, அந்த நாளை மனதுக்குள் நடந்து வாருங்கள். காலை ஆறு, எட்டு, பதினொன்று என்று. எங்கெங்கே கொஞ்சம் இலகுவாக மூச்சு விட்டீர்களோ அங்கே நில்லுங்கள். தண்ணீர் லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது. பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். சர்க்கரை அளவு போன மாதத்தைவிடக் குறைந்திருந்தது. அலுவலகத்தில் ஒருவரிடம் சுடுசொல் சொல்ல வாயெடுத்து எப்படியோ நிறுத்திக்கொண்டீர்கள். இப்படி மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று போதும். பத்து எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் நான்காம் நாள் சலித்துவிடும்.

நான் வைத்திருக்கும் ஒரே சட்டம் இதுதான்: நேற்று எழுதியிருக்கக்கூடிய எதையும் இன்று எழுதக்கூடாது. "குடும்பத்துக்காக நன்றி" என்று எழுதினால் அது நேற்றும் பொருந்தும், அடுத்த வருடமும் பொருந்தும். "மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தபோது மனைவி நான் கேட்காமலே வைத்திருந்த நார்த்தங்காய் ஊறுகாய்க்காக" என்பது இன்றைக்கு மட்டுமே பொருந்தும். முதல் வாரம் இது சின்னத்தனமாகத் தோன்றும். அண்டசராசரத்தைப் படைத்தவரிடம் ஊறுகாயைப் பற்றிப் பேசுவதா என்று கூசும். அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவரிடம் அந்த அப்பத்தைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை.

"என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்கிறது 103ஆம் சங்கீதம். "சகல" என்று தொடங்கினாலும் பாடியவர் அதோடு நிற்கவில்லை. அடுத்த வரிகளிலேயே மூட்டையை அவிழ்த்துவிடுகிறார். அக்கிரமத்தை மன்னித்தார், நோயைக் குணமாக்கினார், பிராணனை அழிவுக்கு விலக்கி மீட்டார் என்று எண்ணிக்கொண்டே போகிறார்.

நல்லது என்பதிலிருந்து தந்தீர் என்பதற்கு

எழுதிய மூன்றும் இன்னும் ஜெபம் ஆகவில்லை. இதுவரை வெறும் நாட்குறிப்புதான். "மழை பெய்தது, நல்லது" என்பது வானிலைச் செய்தி. "மழை தந்தீர்" என்னும்போது எதிரே ஒருவர் வந்துவிடுகிறார். இந்த ஒரு திருப்பத்தில்தான் நன்றி ஜெபமாகிறது. மனநலத்துக்காக நன்றிக் குறிப்பு எழுதச் சொல்கிறவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள். அது நல்லதே. கிறிஸ்தவ ஜெபத்தில் அந்தக் குறிப்புக்கு ஒரு முகவரி உண்டு.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் ஒரு கல்: ஆண்டவரை எப்படி அழைப்பது? நம் ஜெப மொழி அவரை "நீர், உமக்கு, தந்தீர், காத்தீர்" என்கிறது. வீட்டில் யாரையும் இப்படி அழைத்துப் பழக்கமில்லாத இளைஞர்கள் நடுவில் "நீங்கள்" என்று மாறி, உடனே பயந்து "நீர்" என்று திருத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். திருத்த வேண்டியதில்லை. அப்பா என்று கூப்பிட்டு "நீங்கள் தந்தீர்கள்" என்றாலும் அவர் கேட்பார். நாள்பட "நீர்" தானாக நாக்கில் உட்கார்ந்துவிடும், அதில் உள்ள நெருக்கமும் மரியாதையும் அப்போது பிடித்துப்போகும்.

ஒவ்வொரு குறிப்பையும் மூன்று சின்ன வாக்கியங்களாகச் சொல்லிப் பாருங்கள். என்ன நடந்தது, அது உங்களுக்கு எப்படி இருந்தது, அதற்காக நன்றி. உதாரணத்துக்கு ஒன்று:

"ஆண்டவரே, இன்று மருத்துவமனை வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். அம்மாவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னபோது என் கால் நடுங்கியது, அவ்வளவு பயந்திருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீர் முன்பே அறிந்திருந்தீர். உமக்கு நன்றி. இயேசுவின் நாமத்தில், ஆமென்."

இவ்வளவுதான். சங்கீதங்களில் பல நன்றிப் பாட்டுகளும் ஏறக்குறைய இந்த அச்சில்தான் இருக்கின்றன. 116ஆம் சங்கீதத்தைப் படித்தால், பட்ட பாடு, கூப்பிட்ட கூக்குரல், வந்த உதவி எல்லாவற்றையும் விவரித்த பிறகே, இந்த உபகாரங்களுக்கெல்லாம் அவருக்கு என்னத்தைச் செலுத்துவேன் என்று பாடியவர் கேட்கிறார். நன்றி சொல்கிறவர் முதலில் கதை சொல்கிறார்.

சொந்த வார்த்தை வராத நாளில் கடன் வாங்கலாம், வெட்கமில்லை. தென்னிந்தியத் திருச்சபை ஆராதனைகளில் சொல்லப்படும் பொது ஸ்தோத்திரம் 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்க ஜெபப் புத்தகத்திலிருந்து வருவது, எட்வர்ட் ரெனால்ட்ஸ் என்ற பேராயர் எழுதியது. அதன் வரிசையைக் கவனியுங்கள். படைக்கப்பட்டதற்காக, இதுவரை காக்கப்பட்டதற்காக, இந்த வாழ்வின் நன்மைகளுக்காக, எல்லாவற்றுக்கும் மேலாக இயேசு கிறிஸ்துவால் வந்த மீட்புக்காக. ஊறுகாயும் மீட்பும் ஒரே ஜெபத்தில் இருக்கலாம் என்பதற்கு இது நல்ல அத்தாட்சி. தினமும் சின்னச் சின்ன நன்மைகளையே எண்ணிக்கொண்டிருந்தால் பெரியது மறந்துபோகும் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது, ஞாயிறு பொருத்தமாக இருக்கும், சிலுவைக்காக மட்டும் நன்றி சொல்லுங்கள்.

நடுவில் வந்த மனிதர்கள்

"ஆண்டவர்தான் கொடுத்தார்" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்து கொடுத்த ஆளை மறந்துவிடும் நோய் பக்தர்களுக்கு உண்டு. இரவெல்லாம் விழித்திருந்த நர்ஸம்மாவைச் சாட்சி சொல்லும்போது யாரும் நினைவுகூர்வதில்லை. அப்போஸ்தலர் பவுல் அப்படிச் செய்யவில்லை. சபைகளுக்கு அவர் எழுதிய நிருபங்களில், அதாவது கடிதங்களில், பெரும்பாலானவை, அந்த மக்களுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லித் தொடங்குகின்றன, அதை அந்த மக்களுக்கே எழுதியும் அனுப்புகிறார். கலாத்தியருக்கு எழுதியபோதோ கோபத்தில் நன்றியை விட்டுவிட்டு நேராகச் சண்டைக்குப் போய்விட்டார். அப்போஸ்தலருக்கும் அப்படி ஒரு நாள் இருந்தது என்பதில் எனக்குச் சின்ன ஆறுதல்.

ஆகவே உங்கள் மூன்று குறிப்புகளில் ஒரு மனிதர் இருந்தால், அவருக்காகக் கடவுளிடம் நன்றி சொல்லுங்கள், அவரிடமும் சொல்லிவிடுங்கள். கூடிய மட்டும் அன்றைக்கே. லேவியராகமம் 7ஆம் அதிகாரத்தில் இதை ஒட்டிய ஒரு விதி உண்டு. நேர்ந்துகொண்டு செலுத்தும் பலியின் இறைச்சியில் மீதியானதை மறுநாளும் சாப்பிடலாம். ஸ்தோத்திர பலியின் இறைச்சியை மட்டும் அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், விடியும்வரை வைக்கக்கூடாது. ஒரு முழு மிருகத்தை ஒரே நாளில் ஒரு வீட்டார் எப்படித் தின்று தீர்ப்பது? அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டால்தான் முடியும். விதி எதற்காக என்று அந்த அதிகாரம் விளக்கவில்லை. இதை எழுதியவருக்கு விருந்து வைக்கத் தெரிந்திருந்தது என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

சாப்பாட்டு மேசை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உணவுக்கு முன் ஜெபிக்கும் பழக்கம் கிறிஸ்தவ வீடுகளில் உண்டு, சோறு ஆறிவிடும் என்ற அவசரத்தில் அதைச் சொல்லி முடிக்கும் பழக்கமும் உண்டு. உபாகமம் 8:10, புசித்துத் திருப்தியடைந்த பிறகு ஸ்தோத்திரிக்கச் சொல்கிறது. இன்றும் யூதர்கள் உணவுக்குப் பின் விரிவாக ஜெபிக்கிறார்கள். நீங்களும் கை கழுவும் முன் ஒரு வரி சொல்லிப் பாருங்கள். ருசி நாக்கில் இருக்கும்போது சொல்லும் நன்றி வேறு மாதிரி வரும்.

பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு ஒன்று சொல்ல விடுங்கள், முன்னால் சொன்னதைத் திருப்பிச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. "பரோட்டாவுக்காக நன்றி" என்று ஒருவன் சொன்னால் சிரியுங்கள், திருத்தாதீர்கள்.

இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார் என்று பவுல் எழுதுகிறார். திருவிருந்துக்கு, நற்கருணைக்கு, கிரேக்கத்தில் வழங்கும் பெயரான யூக்கரிஸ்தியா என்பதன் பொருளே நன்றி செலுத்துதல்தான். அந்த இரவில் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவர் சொன்ன நன்றி அது.

நன்றி வராத நாட்கள்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் யோசித்து எழுதும் பகுதி இது. என் அப்பா இறந்த மறுநாள் வீட்டுக்கு வந்த ஒருவர், என் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஸ்தோத்திரம் சொல்லுங்கள், எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும்" என்று வற்புறுத்தினார். அம்மா சொன்னார்கள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதில் நன்றி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதே நாளில் தூரத்து உறவான ஒரு சித்தி எதுவும் பேசாமல் பின்கட்டுக்குப் போய், குவிந்து கிடந்த பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். மாதங்கள் கழித்து அம்மா தன் ஜெபத்தில் நன்றி சொன்னது அந்தப் பாத்திரங்களுக்காக.

வசனம் "எல்லாவற்றிலேயும்" என்கிறது. இடியின் நடுவிலும் நன்றிக்கு ஏதோ ஒன்று இருக்கும் என்று கொள்ளலாம், இடிக்காகவே நன்றி சொல்லச் சொல்லவில்லை. இப்படி விளக்கி நிறுத்திவிட எனக்கும் ஆசைதான். ஆனால் எபேசியர் 5:20 "எல்லாவற்றிற்காகவும்" என்றே சொல்கிறது, அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மை ஆகாது. காயம் ஆறிப் பல வருடங்களுக்குப் பிறகு சிலர் அந்தக் காயத்துக்காகவே நன்றி சொல்வதைக் கேட்டிருக்கிறேன், நம்பியும் இருக்கிறேன். அது அவர்களாக வந்து சேர்ந்த இடம். அடுத்தவரை அங்கே இழுத்துக்கொண்டு போக எனக்கோ உங்களுக்கோ உரிமை இல்லை.

துக்க வீடுகளில் யோபு 1:21 தவறாமல் வாசிக்கப்படும். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற வசனம். யோபுவின் புத்தகத்தில் 42 அதிகாரங்கள் இருக்கின்றன. மூன்றாம் அதிகாரத்திலேயே அவர் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார், பிறகு பக்கம் பக்கமாகக் கடவுளோடு வழக்காடுகிறார். முடிவில், தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்று கர்த்தர் சொல்கிறார், ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் அல்ல. புலம்பலும் ஜெபம்தான். 88ஆம் சங்கீதம் ஒரு வெளிச்சக் கீற்றுகூட இல்லாமல் முடிகிறது, அதை யாரும் வேதாகமத்திலிருந்து நீக்கிவிடவில்லை.

அப்படியான நாட்களில் நான் செய்வது: இழப்புக்காக நன்றி சொல்ல முயல்வதில்லை. இழந்தது ஒரு காலத்தில் இருந்ததே, அதற்காகச் சொல்லிப் பார்க்கிறேன். அப்பா சைக்கிளில் முன் கம்பியில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்துப் போன காலைகளுக்காக. அதுவும் வராவிட்டால், அன்று யாராவது பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்தார்களா என்று பார்க்கிறேன். அதுவும் இல்லாவிட்டால் 13ஆம் சங்கீதத்தை வாசிக்கிறேன். ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்ற கேள்வியில் தொடங்கிப் பாட்டில் முடியும். கடைசி வசனம் வாயில் வராத நாட்களில் நான்காவது வசனத்தோடு புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்திருக்கிறேன். நோட்டில் அன்றைய தேதியை மட்டும் போட்டு வெறுமையாக விடுங்கள். வெற்றுப் பக்கமும் உண்மையான பதிவுதான்.

பார்த்து நடக்க வேண்டிய இடங்கள்

வேதாகமத்திலேயே கெட்டுப்போன நன்றி ஜெபம் ஒன்று இருக்கிறது. லூக்கா 18இல் பரிசேயன், அதாவது மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஒருவன், நின்றுகொண்டு, மற்ற மனுஷரைப் போலவும் வரி வசூலிக்கும் இந்த ஆயக்காரனைப் போலவும் தான் இல்லாததால் ஸ்தோத்திரிக்கிறான். பரிசேயனைப் பழிக்கும் நாமே டிசம்பர் 31 இரவு ஆராதனையில் என்ன செய்கிறோம்? "எங்களைவிடப் படித்தவர்கள், பலசாலிகள் எத்தனையோ பேர் இந்த ஆண்டின் முடிவைக் காணாமல் போய்விட்டார்கள், எங்களையோ காத்தீர்" என்று ஜெபிக்கிறோம். அந்த வருடம் கணவனைப் பறிகொடுத்தவர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்தவர் இல்லாததை அளவுகோலாக்காமல் நன்றி சொல்ல முடிகிறதா என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் சோதித்துப் பாருங்கள். "விபத்தில் அவர்கள் செத்தார்கள், நான் பிழைத்தேன்" என்பதை "இன்று வீடு வந்து சேர்ந்தேன்" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அடுத்தது பேரம். நன்றி சொல்லச் சொல்ல ஆசீர்வாதம் பெருகும் என்று போதிக்கிறவர்கள் உண்டு. அப்படியானால் அது முன்பணம், நன்றி அல்ல.

மூன்றாவதாக ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகங்கள். கையடக்கமாக அச்சிட்டு, எண் போட்டு, ஒரே அமர்வில் ஆயிரம் ஸ்தோத்திரங்களைச் சொல்லி முடிக்கும் பழக்கம் நம் சபைகளில் பரவலாக இருக்கிறது. சிலர் இதைக் கேலி செய்வார்கள். நான் செய்ய மாட்டேன். ஜெப மொழி தெரியாத ஒருவருக்கு அது நல்ல சொற்களஞ்சியம், ஆண்டவருக்கு வேதாகமத்தில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்பதையே அதில்தான் பலர் கற்றார்கள். எண்ணிக்கை முடிந்ததா என்பதில் கண் போனால்தான் வம்பு. திருப்பித் திருப்பிச் சொல்வதும் தவறில்லை. 136ஆம் சங்கீதம் 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே திரும்பச் சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு வசனத்தின் முன்பாதியைப் பாருங்கள். வானம், பூமி, சூரியன், சந்திரன், செங்கடல், வனாந்தரம் என்று பெரும்பாலும் வெவ்வேறு செயல். பின்பாதி பல்லவி, முன்பாதி கணக்கு. அந்தப் புத்தகத்தையே தினம் பத்து ஸ்தோத்திரம் வீதம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு முன்பாதி சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஆயிரத்தை முடிக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும்.

கைக்கு வரும் நன்றி

என் பாட்டியின் அடுப்படியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. உலை வைக்க அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அந்த டின்னில் போடுவார்கள், "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்துக்கொண்டே. மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். வீட்டில் அரிசி தட்டுப்பாடாக இருந்த மாதங்களிலும் கை டின்னுக்குப் போனது, பிடி மட்டும் சின்னதாக இருந்தது. நன்றி ஜெபத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுதான், அப்போது எனக்கு அது தெரியாது.

பிறந்தநாள், திருமண நாள், தேர்ச்சி, சுகம் என்று எதற்காவது சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பதும் இதே வழியில் வந்தது. உறைமேல் காரணத்தை எழுதச் சொல்வார்கள். புதியவர்கள் பெரும்பாலும் "ஆண்டவர் செய்த நன்மைகளுக்காக" என்று எழுதிவிடுவார்கள். மறுபடியும் அந்த மூட்டை! ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றால் பெயரை விட்டுவிடுங்கள், காரணத்தை எழுதுங்கள். அறுப்பின் பண்டிகை நடக்கும் ஊரில் இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். பூசணி, வாழைத்தார், கரும்பு, கால் கட்டிய சேவல் என்று நன்றி எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி கோயிலில் வந்து இறங்கியிருக்கும். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழம் சந்தை விலையைப் போல் பல மடங்குக்குப் போகும், யாரும் வருத்தப்படுவதில்லை.

நம் தெருக்களில் "எபெனேசர்" என்று பெயர் எழுதிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். சாமுவேல் ஒரு கல்லை நட்டு, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி அதற்கு இட்ட பெயர் அது. வீடு கட்டாதவர்களும் கல் நடலாம். நோட்டின் கடைசிப் பக்கத்தை அதற்காக ஒதுக்குங்கள். மறக்கவே கூடாத உதவிகளைத் தேதியோடு அங்கே எழுதிவையுங்கள். வறண்ட நாளில் அந்தப் பக்கத்தை மட்டும் வாசித்தாலே ஜெபமாகிவிடும்.

ஒரு மாதம் முடிந்ததும்

முப்பது நாள் எழுதிய பிறகு ஒரு மாலை உட்கார்ந்து முதலிலிருந்து படியுங்கள். புதிதாக எதுவும் எழுத வேண்டாம். எதெல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் பாருங்கள்.

நான் முதல் முறை அப்படிப் படித்தபோது எதிர்வீட்டு அக்கா ஏழு இடங்களில் இருந்தார்கள். தண்ணீர் லாரி வந்ததும் கதவைத் தட்டியது, கூரியரை வாங்கி வைத்தது, மழைக்குத் துணியை எடுத்து மடித்தது. ஏழு தடவையும் ஆண்டவருக்கு நன்றி சொல்லியிருந்தேன். அக்காவிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. லேவியராகமத்துக் கணக்கில் அந்த இறைச்சி எல்லாம் எப்போதோ கெட்டுப்போயிருக்கும்.

மறுநாள் மாலை அரைக் கிலோ முறுக்கு வாங்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். பொட்டலத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி விசேஷம்?" என்று கேட்டார்கள். என்ன சொல்வதென்று நான் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. "எல்லாவற்றுக்கும்தான் அக்கா" என்று வாயில் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, மழையில் துணி எடுத்த அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்கினேன்.